கோப்பு நேரமுத்திரை ஒப்பீடு

கோப்பு நேரமுத்திரை ஒப்பீடு என்பது, கணினியின் கோப்புகளுக்கும் கோப்புறைகளுக்கும் இயங்குதளம் பதிந்து வைக்கும் நேரக் குறிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது முந்தையது, எது பிந்தையது எனக் கண்டறியும் செயல் ஆகும். ஒரே கோப்பின் இரு படிகளில் புதியதைத் தெரிவு செய்தல், காப்புப்படி எடுத்தல், மாறிய நிரல்களை மட்டும் மீண்டும் தொகுத்தல் முதலிய பணிகளுக்கு இது பயன்படுகிறது. கோப்புகள் மிகுந்துள்ள இடங்களில் இவ்வொப்பீடு கையால் செய்யப்படாமல், ஸ்கிரிப்ட் எனப்படும் கட்டளைநிரல்களால் கட்டளைவரியில் செய்யப்படுகிறது.

நேரமுத்திரை ஒரு கோப்பு எப்போது எழுதப்பட்டது என்பதை, எழுதிய கணினியின் கடிகாரப்படி கூறுகிறது. அக்கோப்பின் உள்ளடக்கம் சரியானதா, மற்றொன்றிலிருந்து வேறுபட்டதா என்பதை அது கூறுவதில்லை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் எழுதப்படும் கட்டளைநிரல், புதிய கோப்பின் மீது பழைய கோப்பை எழுதி அதனை அழித்துவிடக்கூடும்.

## வரலாறு

யுனிக்சு இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே கோப்புகளுக்கு நேரம் பதியப்பட்டது. அப்போது நேரம் ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்காக எண்ணப்பட்டது. பின்னர் 1970 சனவரி 1 நள்ளிரவு முதல் கடந்த நொடிகளை எண்ணும் இன்றைய முறை நிலைபெற்றது. இது யுனிக்சு நேரம் எனப்படுகிறது.

நேரமுத்திரை ஒப்பீட்டை நிரலாளரின் அன்றாடக் கருவியாக்கியது, பெல் ஆய்வுகூடத்தில் இசுடூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய மேக் என்னும் நிரலாகும். அவருடன் பணியாற்றிய இசுடீவ் சான்சன், முன்னரே திருத்தப்பட்டுவிட்ட ஒரு பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுதை இழந்தார். மூலநிரல் திருத்தப்பட்டிருந்தும் அது மீண்டும் தொகுக்கப்படாததே இதற்குக் காரணம். மூலக்கோப்பின் நேரம், அதிலிருந்து தொகுக்கப்பட்ட கோப்பின் நேரத்தைவிடப் பிந்தியதாக இருந்தால் மீண்டும் தொகுக்க வேண்டும் என்னும் எளிய விதியால் மேக் இச்சிக்கலைத் தீர்த்தது.

1996இல் ஆண்ட்ரூ டிரிட்செல், பால் மெக்கெராசு ஆகியோர் வெளியிட்ட ஆர்சிங்க், இரு கணினிகளிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் நிரலாகும். கோப்பின் அளவும் திருத்திய நேரமும் ஒத்திருந்தால் அக்கோப்பு மாறவில்லை என இது இயல்பாகக் கொள்கிறது. விண்டோசில் இப்பணிக்குரிய ரோபோகாப்பி 1990களில் தனித் துணைக்கருவியாக வழங்கப்பட்டது. விண்டோசு விசுட்டா முதல் இயங்குதளத்தின் பகுதியாகவே அமைந்தது.

## நேரமுத்திரையின் வகைகள்

யுனிக்சு வழி இயங்குதளங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் குறைந்தது மூன்று நேரங்கள் உள்ளன.

* திருத்திய நேரம்: கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக எழுதப்பட்ட நேரம். ஒப்பீட்டுக்குப் பெரும்பாலும் இதுவே பயன்படுகிறது.
* அணுகிய நேரம்: கோப்பு கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம். ஒவ்வொரு படிப்பின்போதும் இதனைப் பதிவது வட்டின் வேகத்தைக் குறைப்பதால், 2009 முதல் லினக்சு இதனைச் சில நிலைமைகளில் மட்டுமே பதிகிறது. ஆகவே இந்நேரத்தை நம்பிக் கட்டளைநிரல் எழுதுதல் தகாது.
* நிலை மாறிய நேரம்: பெயர், உரிமை, அனுமதி முதலிய விவரங்களோ உள்ளடக்கமோ மாறிய நேரம். இது கோப்பு உருவான நேரம் எனப் பலராலும் பிழையாகக் கருதப்படுகிறது.

விண்டோசில் திருத்திய நேரம், அணுகிய நேரம் ஆகியவற்றுடன் கோப்பு உருவான நேரமும் காட்டப்படுகிறது. விண்டோசில் ஒரு கோப்பைப் படியெடுத்தால் படியின் திருத்திய நேரம் மூலக்கோப்பினுடையதாகவே இருக்கும். உருவான நேரம் மட்டும் படியெடுத்த நேரமாகும். எனவே உருவான நேரம் திருத்திய நேரத்துக்குப் பிந்தியதாக உள்ள கோப்பு, பெரும்பாலும் வேறிடத்திலிருந்து வந்த படியாகும். லினக்சின் சிபி கட்டளை, நேரத்தைப் பேணுமாறு தனியே கூறப்படாவிட்டால், படிக்குப் புதிய திருத்திய நேரத்தையே தருகிறது.

## கோப்புறையின் நேரம்

கோப்புறைக்கும் திருத்திய நேரம் உண்டு. ஆனால் அதன் பொருள் வேறு. கோப்புறை என்பது அதிலுள்ள பெயர்களின் பட்டியலே ஆகும். அப்பட்டியலில் ஒரு பெயர் சேரும்போதோ, நீங்கும்போதோ, மாறும்போதோ மட்டுமே கோப்புறையின் நேரம் மாறுகிறது. ஏற்கெனவே உள்ள ஒரு கோப்பின் உள்ளடக்கம் அதே இடத்தில் மாற்றப்பட்டால் கோப்புறையின் நேரம் மாறுவதில்லை. உட்கோப்புறைக்குள் நிகழும் மாற்றமும் மேலுள்ள கோப்புறையைத் தொடுவதில்லை.

மாறாக, பல உரைத்தொகுப்பிகள் முதலில் தற்காலிகக் கோப்பொன்றை எழுதி, பின்னர் அதற்குப் பழைய பெயரை இடுகின்றன. இவ்வாறு சேமிக்கும்போது பெயர்ப் பட்டியல் மாறுவதால் கோப்புறையின் நேரமும் மாறுகிறது. இதனால் இரு கோப்புறைகளின் நேரத்தை மட்டும் ஒப்பிட்டு எது புதியது எனத் தீர்மானிக்க இயலாது. கோப்புறைக்குள் எல்லா மட்டங்களிலும் உள்ள கோப்புகளைத் தேடி, அவற்றுள் மிகப் பிந்திய திருத்திய நேரத்தைக் கோப்புறையின் நேரமாகக் கொள்வதே தக்க முறையாகும்.

## எடுத்துக்காட்டு: பெரம்பலூரும் அரியலூரும்

தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வரலாறு நேரமுத்திரை ஒப்பீட்டின் சிக்கல்களை விளக்கப் பொருத்தமானது. 1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து அரியலூர் மாவட்டம் 2001 சனவரி 1 அன்று உருவானது. 2002 மார்ச்சு 31 அன்று மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் தனி மாவட்டமானது.

இவ்வட்டாரத்தின் படங்களையும் குறிப்புகளையும் தொகுக்கும் ஒரு மாணவர், பெரம்பலூர் என்னும் கோப்புறையில் சாத்தனூர் கல்மரம், ரஞ்சன்குடி கோட்டை ஆகியவற்றையும், அதனுள் அரியலூர் என்னும் உட்கோப்புறையில் கங்கைகொண்டசோழபுரம், கரைவெட்டி பறவைகள் சரணாலயம் ஆகியவற்றையும் வைத்திருப்பதாகக் கொள்ளலாம். அரியலூர் கோப்புறையை அவர் வெளியே எடுத்துத் தனியே வைத்தால், பெரம்பலூரின் பட்டியலிலிருந்து ஒரு பெயர் நீங்குவதால் அதன் நேரம் இன்றைய நேரமாகிறது. ஆனால் பெரம்பலூரில் எஞ்சிய கோப்புகளில் ஓரெழுத்தும் மாறவில்லை. அரியலூருக்குள் உள்ள கோப்புகளின் திருத்திய நேரமும் முன்போலவே இருக்கும். கோப்புறையின் நேரத்தை மட்டும் பார்க்கும் கட்டளைநிரல், பெரம்பலூர் முழுவதும் புதிது எனப் பிழையாகக் கருதும்.

### நாளை எழுத்தாக ஒப்பிடுதல்

விண்டோசின் பழைய கட்டளைவரியில் கோப்பின் நேரம் எழுத்துத்தொடராகவே கிடைக்கிறது. அதன் வடிவம் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. நாள், மாதம், ஆண்டு என்னும் இந்திய வரிசையில் அரியலூரின் மூன்று நாள்களையும் எழுத்துகளாக அடுக்கினால் கிடைக்கும் வரிசை பின்வருமாறு:

* 01-01-2001
* 23-11-2007
* 31-03-2002

ஆண்டு இறுதியில் நிற்பதால், முதலில் நாளே ஒப்பிடப்படுகிறது. இவ்வரிசையின்படி கடைசி நிகழ்வு 2002ஆம் ஆண்டின் இணைப்பாகிறது. அதாவது அரியலூர் மாவட்டம் இன்று இல்லை என்னும் தவறான முடிவு கிடைக்கிறது. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வரிசையிலோ 01-01-2001, 03-31-2002, 11-23-2007 எனத் தற்செயலாகச் சரியான முறை அமைகிறது. ஒரு கணினியில் சோதித்துச் சரியெனக் கண்ட கட்டளைநிரல் மற்றொன்றில் பிழைபடுவதற்கு இதுவே காரணம்.

ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில், 2001-01-01, 2002-03-31, 2007-11-23 என எழுதினால் எழுத்தொப்பீடும் கால வரிசையும் ஒன்றாகின்றன. இவ்வடிவம் ஐஎஸ்ஓ 8601 என்னும் அனைத்துலகத் தரத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது.

### எண்ணை எழுத்தாக ஒப்பிடுதல்

இம்மூன்று நாள்களும் இந்திய சீர் நேரப்படி நள்ளிரவில் தொடங்கும் கணங்களின் யுனிக்சு நேரங்கள் முறையே 978287400, 1017513000, 1195756200 ஆகும். எண்களாக ஒப்பிட்டால் இவை சரியாக அமைகின்றன. எழுத்துகளாக ஒப்பிட்டால், 9இல் தொடங்கும் முதல் எண் மற்ற இரண்டுக்கும் பின்னே போய்விடுகிறது. யுனிக்சு நேரம் நூறு கோடி நொடிகளைக் கடந்து பத்து இலக்கமானது 2001 செப்டம்பர் 9 அன்றாகும். நேரத்தை எழுத்தாக அடுக்கிய சில மென்பொருள்கள் அப்போது பிழைபட்டன. கட்டளைநிரலில் எண்ணொப்பீட்டுக்கும் எழுத்தொப்பீட்டுக்கும் தனித்தனிக் குறிகள் இருப்பதால் அவற்றைக் கவனித்துப் பயன்படுத்த வேண்டும்.

### நேர வலயம்

இந்திய சீர் நேரம் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம், அதாவது 19,800 நொடிகள் முந்தியுள்ளது. அரியலூர் மாவட்டம் மீண்டும் உருவான நாளின் நள்ளிரவு, அனைத்துலக நேரப்படி 2007 நவம்பர் 22 மாலை 6.30 ஆகும். அனைத்துலக நேரத்தில் இயங்கும் வழங்கியிலிருந்து பெற்ற பட்டியலையும் இந்தியக் கணினியின் பட்டியலையும் மாற்றாமல் ஒப்பிட்டால், அதிகாலை 5.30க்கு முன் எழுதப்பட்ட கோப்புகளின் தேதியே வேறாகத் தோன்றும்.

விண்டோசு, கணினியின் உட்கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாகவும், லினக்சு அது அனைத்துலக நேரத்தைக் காட்டுவதாகவும் இயல்பாகக் கொள்கின்றன. இரண்டும் நிறுவப்பட்ட கணினியில் இவ்வமைப்பு சரிசெய்யப்படாவிட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பிறழக்கூடும். 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பல கணினிகளில் விண்டோசும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே இருந்தன. இத்தகைய கணினிகளில் எழுதப்பட்ட கோப்புகளை ஒப்பிடும்போது, வேறுபாடு சரியாக 19,800 நொடிகளாக இருந்தால் அது உண்மையான திருத்தமன்று என ஐயுறலாம்.

## கோப்பு முறைமைகளின் வேறுபாடு

நேரம் எவ்வளவு நுட்பமாகப் பதியப்படுகிறது என்பது கோப்பு முறைமையைப் பொறுத்தது.

* ஃபேட்: திருத்திய நேரம் 2 நொடிக்கு ஒரு முறை மட்டுமே வேறுபடும். அது உள்ளூர் நேரமாகவே எழுதப்படுகிறது. ஆண்டு 1980 முதல் 2107 வரை மட்டுமே பதிய இயலும். பென் டிரைவ்களிலும் நிழற்படக் கருவிகளின் நினைவட்டைகளிலும் இம்முறைமை பரவலாக உள்ளது.
* என்டிஎஃப்எஸ்: 1601 சனவரி 1 முதல், 100 நானோநொடி அலகில், அனைத்துலக நேரத்தில் பதிகிறது.
* எக்ஸ்ட்3: ஒரு நொடி நுட்பத்தில் பதிகிறது.
* எக்ஸ்ட்4: நானோநொடி நுட்பத்தில் பதிகிறது.

எனவே என்டிஎஃப்எஸ் வட்டிலிருந்து பென் டிரைவுக்குப் படியெடுத்த கோப்பு, சிறிதும் மாறாதிருந்தும், மூலக்கோப்பிலிருந்து 2 நொடி வரை வேறுபட்ட நேரத்தைக் காட்டக்கூடும். ரோபோகாப்பி, ஆர்சிங்க் ஆகிய இரண்டிலும் இச்சிறு வேறுபாட்டைப் புறக்கணிக்கும் விருப்பத்தேர்வுகள் உள்ளன. சிப் வகைப் பொதிகளும் மரபாக 2 நொடி நுட்பத்திலேயே நேரத்தைப் பதிகின்றன.

## கட்டளைநிரலின் அமைப்பு

இரு கோப்புறைகளை ஒப்பிடும் கட்டளைநிரல் பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது.

1. ஒவ்வொரு கோப்புறையிலும் உள்ள எல்லாக் கோப்புகளையும் உட்கோப்புறைகளுடன் பட்டியலிடுதல். லினக்சில் இதற்கு ஃபைண்ட் கட்டளை பயன்படுகிறது. ஒவ்வொரு வரியிலும் கோப்புறைக்குள் கோப்பின் பாதை, நொடியில் திருத்திய நேரம், அளவு ஆகியவை இடம்பெறும்.
2. இரு பட்டியல்களையும் பாதையின்படி வரிசைப்படுத்துதல்.
3. ஒரே பாதை கொண்ட வரிகளை இணைத்தல். ஒரு பட்டியலில் மட்டும் உள்ளவற்றைத் தனியே பிரித்தல்.
4. இரு நேரங்களையும் எண்களாகக் கழித்தல். வேறுபாடு 2 நொடிக்கு மேற்படாவிட்டால் சமமெனக் கொள்ளல்.
5. நேரம் வேறுபட்ட கோப்புகளுக்கு உள்ளடக்கத்தை ஒப்பிடுதல்.
6. முடிவை அறிக்கையாக மட்டும் அச்சிடுதல். அறிக்கையைப் பார்த்த பின்னரே படியெடுத்தல்.

விண்டோசில் 2006இல் வெளியான பவர்செல், நேரத்தை எழுத்துத்தொடராக அன்றி நேரப் பொருளாகவே தருவதால், வட்டார வடிவத்தால் வரும் பிழைகளைத் தவிர்க்கிறது. ரோபோகாப்பியைப் பட்டியல் மட்டும் காட்டும் விருப்பத்தேர்வுடன் இயக்கினால், எதையும் மாற்றாமல் வேறுபாடுகளை அறியலாம். ஆர்சிங்கிலும் இத்தகைய ஒத்திகை இயக்கம் உண்டு.

இரு கோப்புகளை மட்டும் ஒப்பிட, பாஷ் ஷெல்லில் ஒன்று மற்றொன்றைவிடப் புதியதா எனச் சோதிக்கும் குறி உள்ளது. இரண்டாவது கோப்பு இல்லாதபோதும் இச்சோதனை ஆம் என்றே விடை தருகிறது. எனவே கோப்பு உள்ளதா என்பதை முன்னரே தனியாகச் சோதிக்க வேண்டும்.

### தமிழ்ப் பெயர் கொண்ட கோப்புகள்

யூனிகோடில் ஒகர, ஓகார உயிர்மெய்க் குறிகளை இரு வகையாக எழுதலாம். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாக எழுதுவது ஒரு வகை. இரண்டையும் தனித்தனிக் குறியீடுகளாக எழுதுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளசு முறைமை கோப்பின் பெயரைப் பிரித்தே சேமித்தது. பிற இயங்குதளங்களின் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்த்தே எழுதுகின்றன.

பெரம்பலூர், அரியலூர் என்னும் பெயர்களில் இக்குறிகள் இல்லாததால் அக்கோப்புறைகள் தடையின்றிப் பொருந்தும். ஆனால் கங்கைகொண்டசோழபுரம் என்னும் பெயரில் கொ, சோ ஆகிய இரண்டும் உள்ளன. இரு வகையாக எழுதப்பட்டால், ஒரே கோப்பை இரு வேறு கோப்புகள் எனக் கட்டளைநிரல் கூறும். ஒப்பிடும் முன் பெயர்களை ஒரே யூனிகோடு இயல்வடிவத்துக்கு மாற்றுவது இதற்குத் தீர்வாகும்.

## வரம்புகள்

நேரமுத்திரையால் மட்டும் விடை காண இயலாத நிலைமைகள் சில உள்ளன.

* கோப்பு ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், அது அங்கே புதிதாகச் சேர்க்கப்பட்டதா, மறுபக்கத்தில் நீக்கப்பட்டதா என அறிய இயலாது.
* கடைசி ஒத்திசைவுக்குப் பின் இரு பக்கமும் திருத்தப்பட்டிருந்தால், பிந்தியதைத் தெரிவு செய்வது மற்றதில் செய்த திருத்தத்தை இழப்பதாகும். யூனிசன் போன்ற நிரல்கள் கடைசி ஒத்திசைவின் நிலையைத் தனியே பதிந்து வைத்து இவ்விரண்டையும் கண்டறிகின்றன.
* 2005இல் லினசு டோர்வால்டுசு தொடங்கிய கிட், கோப்புகளின் திருத்திய நேரத்தைச் சேமிப்பதில்லை. அதிலிருந்து எடுக்கப்படும் கோப்புகள் எடுக்கப்பட்ட நேரத்தையே பெறுகின்றன.
* டச் என்னும் கட்டளையால் எவரும் தம் கோப்பின் திருத்திய நேரத்தை விரும்பியவாறு மாற்றலாம்.
* நொடிகளை 32 இருமங்களில் எண்ணும் பழைய மென்பொருள்களில் யுனிக்சு நேரம் 2038 சனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியுடன் முடிவடையும்.

இவற்றுள் பலவற்றுக்கு ஹாஷ் மதிப்பு துணைசெய்கிறது. இது கோப்பின் முழு உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடப்படும் குறுகிய எண்ணாகும். எஸ்எச்ஏ-256 முறையில் இரு கோப்புகளின் ஹாஷ் மதிப்பு ஒன்றாயின், நேரம் எதுவாயினும் உள்ளடக்கம் ஒன்றே எனக் கொள்ளலாம். கோப்பு முழுவதையும் படிக்க வேண்டியிருப்பதால் இது நேரமுத்திரை ஒப்பீட்டைவிட மெதுவானது. ஆகவே நேரத்தாலும் அளவாலும் முதலில் சலித்து, ஐயத்துக்குரியவற்றை மட்டும் ஹாஷ் மதிப்பால் சோதிப்பது வழக்கம்.

## சான்றாகப் பயன்படுதல்

இந்தியாவில் மின்னணு ஆவணங்களைச் சான்றாக ஏற்பதற்கான விதிகள் தகவல் தொழினுட்பச் சட்டம் 2000 வழியாக இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவாகச் சேர்க்கப்பட்டன. 2024 சூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் 2023 நடைமுறைக்கு வந்ததால், இவ்விதிகள் அதன் 63ஆம் பிரிவில் உள்ளன. அச்சட்டத்தின் அட்டவணையில் உள்ள சான்றிதழ்ப் படிவம், மின்னணு ஆவணத்தின் ஹாஷ் மதிப்பையும் அதனைக் கணக்கிட்ட முறையையும் குறிப்பிடக் கோருகிறது. எளிதில் மாற்றக்கூடிய நேரமுத்திரை மட்டும் போதாது என்பதை இது காட்டுகிறது.

கடிகாரங்கள் ஒத்திருப்பதும் இன்றியமையாதது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில், நிறுவனங்களும் அரசு அமைப்புகளும் தம் கணினிகளின் நேரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளுடனோ, அவற்றை அடியொற்றிய வழங்கிகளுடனோ ஒத்திசைக்குமாறு கூறியது. இந்திய சீர் நேரத்தைப் பேணும் பொறுப்பு தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு உரியது.

## இவற்றையும் பார்க்க

* யுனிக்சு நேரம்
* கோப்பு முறைமை
* கட்டளைவரி இடைமுகம்
* இந்திய சீர் நேரம்
* அரியலூர் மாவட்டம்
* பெரம்பலூர் மாவட்டம்